மச்சான் உயர்த்திய ஜீப்பு

குருவம்மாள் வலது காலைத் தூக்கி ஜீப்பின் பின்படியில் வைக்கப் பார்த்தாள். படி அவள் தொடைக்கு மேலே இருந்தது. காலை இறக்கிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை மறு கைக்கு மாற்றினாள்.

“மாரீசு, இதுல ஏறணும்னா மொதல்ல இன்னொரு ஜீப்புல ஏறணும் போலயே.”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாரீஸ்வரன் இறங்கி வந்து, இருக்கைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து மண்ணில் போட்டான். தரை சரிவாக இருந்ததால் ஸ்டூல் ஒரு பக்கம் ஆடியது. அவன் ஒரு காலால் அதை மிதித்துக்கொண்டு தோளைக் கொடுத்தான். குருவம்மாள் அவன் தோளை அழுத்தி ஸ்டூலில் ஏறி, அங்கிருந்து கம்பியைப் பிடித்து, முழங்காலைப் படியில் ஊன்றி, தவழ்ந்து உள்ளே போனாள். அடுத்தவள் சேலையைச் செருகிக்கொண்டாள். அதற்கடுத்தவள், “அங்கிட்டுத் திரும்பிக்கப்பா” என்றாள். அவன் திரும்பிக்கொண்டான்.

கோவிலூர் ஸ்டாண்டில் வரிசையில் அடுத்து நின்ற டிஜோ தன் ஜீப்பின் எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தான். அவனுடையது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஜீப்பு. அதன் பக்கத்தில் மாரீஸ்வரனின் ஜீப்பு, கால் நீண்ட ஏதோ ஒரு பிராணி போல நின்றது.

வட்டவடையில் கேரட் எடுப்பு தொடங்கிவிட்டால், பெண்கள் ஒரு செட்டாகச் சேர்ந்து நிலம் நிலமாகப் போவார்கள். ஒரு செட்டுக்கு ஒரு ஜீப்பு. காலையில் அவர்களை ஏற்றிப் போவது, பறித்த மூட்டைகளை மேட்டுக் காட்டிலிருந்து லாரி நிற்கும் ரோட்டுக்கு இறக்குவது, சாயங்காலம் வீட்டில் விடுவது எல்லாம் அந்த ஜீப்பின் வேலை. எந்த ஜீப்பு என்று நிலத்துக்காரர் சொல்வதில்லை. மூட்டை தூக்குகிற பெண்கள்தான் சொல்வார்கள். குருவம்மாள் செட்டுக்குத் தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மாரீஸ்வரன்தான் ஓட்டினான். இந்த முறை அவர்கள் உறுதி சொல்லவில்லை. “ஒரு வாரம் பாக்குறோம்ப்பா. ஒடம்பு ஒத்துக்கிட்டா சரி” என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் விட்டுவிட்டால் எடுப்பு முடியும்வரை அவனுக்கு வேறு ஓட்டம் கிடையாது. மழைச் சேற்றில் சுற்றுலாக்காரர்களும் வர மாட்டார்கள்.

அந்த உயரம் அவன் கேட்டு வந்ததல்ல. முற்றிலும் கேட்காமல் வந்ததும் அல்ல.

அவன் மனைவி கௌசிகா பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அவளுடைய அண்ணன் பூபதிராஜா அங்கே ஜீப்புகளை மாற்றியமைக்கும் பட்டறை வைத்திருந்தான். மலைப்பாதைப் பந்தயங்களில் அவன் கட்டிய ஜீப்புகள் பாறை மேல் ஏறிக் கோப்பை வாங்கின. போன வருஷம் மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் என்ன வைப்பது என்ற பேச்சு வந்தபோது, மாரீஸ்வரன் எதற்கோ சொல்லப்போய், மேட்டுக்காட்டுத் தடத்தில் சக்கரப் பள்ளங்களுக்கு இடையே உள்ள நடுமேடு ஜீப்பின் வயிற்றில் தட்டுகிறது என்று சொல்லிவிட்டான். பூபதிராஜா அதைப் பிடித்துக்கொண்டான்.

“அட, அதச் சொல்றதில்லீங்களா மாப்ள? நகையெல்லாம் பொட்டில கெடக்கும். வண்டிய நான் பண்ணித் தர்றனுங்க. அதுதான் எம்பட சீரு.”

இரண்டு விரல் உயரம் கூடினால் போதும் என்று மாரீஸ்வரன் நினைத்தான். அதைச் சொல்லவில்லை. மாமனார் வீட்டில் மாப்பிள்ளை பட்டறைக்குப் போய் நின்று, இப்படிச் செய் அப்படிச் செய் என்று சொல்வது சீரை எடைபோடுவது ஆகும். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, வந்ததைச் சாப்பிட்டு, பேப்பர் படித்தான். பட்டறையில் ஸ்பிரிங் பட்டைகள் கூடின. அடியில் சட்டத்தோடு ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த தாங்கிகளை வெட்டி எடுத்துவிட்டு நீளமானவற்றைப் பற்றவைத்தார்கள். பெரிய டயர்கள் வந்தன. முன்னால் வெல்டிங் செய்த பம்பரும் மேலே விளக்கு வரிசையும் வந்தன. சடங்கு அன்று பந்தல் வாசலில் மாலை போட்டு நிறுத்தியிருந்த ஜீப்பைப் பார்த்தபோது, அவனுக்கு முதலில் அது தன்னுடையது என்றே தெரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் சிரித்தான்.

வட்டவடையில் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நடுமேடு இப்போது தட்டவில்லை, அது உண்மை. ஓடைக்குள் சைலன்ஸர் நனையாமல் போகிறது, அதுவும் உண்மை. ஆனால் டயர் பெரிதானதில் முதல் கியர் முன்பு போல் இழுக்கவில்லை. மூட்டையோடு ஏறும்போது நான்கு சக்கர இழுவைக்கான கீழ்க் கியரைப் போட வேண்டியிருந்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும் கால் சாயங்காலத்துக்குள் மரத்துப்போனது. வெறும் வண்டியாகப் போனால் குதித்தது. உள்ளே இருப்பவர்களுக்குத் தலை கூரையில் இடித்தது.

இதைவிடப் பெரியது திட்டுகளின் பிரச்சினை. மேட்டுக்காட்டுத் தடத்தில் ஒவ்வொரு நிலத்தின் ஓரத்திலும் ஒரு கல்திட்டு உண்டு. ஜீப்பின் தட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். ஜீப்பைப் பின்னால் எடுத்து அதில் ஒட்டி நிறுத்தினால், பெண்கள் மூட்டையைத் தூக்க வேண்டியதில்லை. தள்ளினால் போதும், உள்ளே போய்விடும். இந்த ஜீப்பு வந்து நின்றபோது, அதன் தட்டு திட்டைவிட முழங்கால் உயரத்துக்கு மேலே இருந்தது. தள்ளிய மூட்டையைத் திரும்பவும் தூக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையையும். பெண்கள் ஒன்றும் பேசாமல் தூக்கினார்கள். அந்தப் பேசாமை நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது அவனுக்குக் கேட்டது.

அந்த வாரத்தின் நடுவில்தான் பூபதிராஜா வந்தான். தான் கட்டிய வண்டி மலையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றான். தங்கைக்கு முறுக்கும், மருமகளுக்கு வளையலும், ஜீப்புக்கு ஒரு புது ஹாரனும் கொண்டு வந்திருந்தான். மறுநாள் காலை மாரீஸ்வரனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“எப்படீங்க மாப்ள? ராசா மாதிரிப் போகுதல்ல?”

“போவுது மச்சான்.”

பின்னால் யாரோ ஒருத்தி தலையைத் தேய்த்துக்கொண்டு, “ராசாவுக்கு மண்ட வீங்காது போல” என்றாள். பூபதிராஜா திரும்பிப் பார்த்து அவனும் சிரித்தான். கெட்ட மனிதன் இல்லை. பந்தயத்தில் அவன் ஜீப்பில் ஓட்டுநரும் உதவியாளரும் தவிர யாரும் இருப்பதில்லை. ஒரு மூட்டைகூட இருப்பதில்லை. முறுக்கிய கம்பிக் கூண்டுக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்து, ஒரு பாறையை ஏறி முடித்ததும் வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தினமும் அதே பாறையில் போய் வருவது பற்றி அவனுக்கு யாரும் சொன்னதில்லை. மாரீஸ்வரனும் சொல்லவில்லை.

மதியத்துக்கு முன் லோடு தயாரானது. ஜீப்பைத் திட்டில் ஒட்டி நிறுத்தினான். குருவம்மாளும் இன்னொருத்தியும் ஒரு மூட்டையைத் தூக்கி உள்ளே தள்ளினார்கள். இரண்டாவது மூட்டையில் குருவம்மாள் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பூபதிராஜா அதைப் பார்த்தான். தடத்தின் மறுபுறம் மேல்நிலத்தின் கரை இருந்தது. அதையும் ஜீப்பின் கூரையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

“ஏனுங்கம்மா இத்தன செரமப்படறீங்க? அந்தக் கரையும் நம்ம கேரியரும் ஒரே மட்டம். மூட்டைய அக்கட்ட கொண்டுபோயி மேல உருட்டி விடுங்க. தூக்கவே வேண்டாம்.”

உண்மையில் அது ஒரே மட்டமாகத்தான் இருந்தது. ஜீப்பின் பழைய உயரத்தில் கரை கேரியரைவிட மேலே இருந்தது; அங்கிருந்து போட்டால் கேரியர் வளைந்துவிடும். அதனால் கடைசியாக மிஞ்சுகிற ஒன்றிரண்டு மூட்டைகளை மட்டும் மேலே ஏற்றுவார்கள். பெண்கள் குருவம்மாளைப் பார்த்தார்கள். அவள் மாரீஸ்வரனைப் பார்த்தாள்.

“மேல கனம் கூடிரும் மச்சான்” என்றான் அவன்.

“நம்ம ஸ்பிரிங்கு தாங்குமுங்க. ஆனையே ஏறி நிக்கலாம்.”

மாரீஸ்வரன் மேலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாங்குவது வேறு, கவிழாமல் நிற்பது வேறு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் மச்சானின் கையால் வந்த வேலையைக் குறை சொல்வது போலாகும் என்று தோன்றியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற குருவம்மாள் வேறு எதிரில் இருந்தாள். அவன் ஜீப்பை மறுபக்கக் கரையில் ஒட்டினான். மூட்டைகள் கேரியருக்கு உருண்டன. பெண்கள் முதல் முறையாக அந்த ஜீப்பைப் பார்த்துச் சிரித்தபடி வேலை செய்தார்கள். அது அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

லோடு போகும்போது பெண்கள் பின்னால் நடந்துதான் வருவார்கள். ஜீப்புக்குள் அவனும் பூபதிராஜாவும் மட்டும் இருந்தார்கள். இறக்கத்தில் ஓர் இடத்தில் தடம் பள்ளத்தாக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். எல்லா ஜீப்பும் போகிற இடம்தான். அவன் மெதுவாகத்தான் போனான். வெளிப்பக்கப் பின்சக்கரம் ஒரு குழியில் இறங்கியதும் மேலே மூட்டைகள் ஒரு கை அளவு நகர்ந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு ஜீப்பு சாய்ந்துகொண்டே போனது. அவசரமே இல்லாமல், தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. சாய்வைச் சமாளிக்க ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கம் ஒடித்தான். அதுவும் போதவில்லை. கீழ்நிலத்து முட்டைக்கோசுப் பாத்தியில் பக்கவாட்டில் படுத்தது. கயிறு அறுந்து மூட்டைகள் ஒவ்வொரு படிநிலமாக உருண்டு போயின. கேரட்டுகள் சிவப்பாகச் சிதறின.

யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பூபதிராஜாவின் மணிக்கட்டு மட்டும் பிசகியிருந்தது. இருவரும் மேலே வந்திருந்த கதவு வழியாக ஏறி வெளியே வந்தார்கள். மேல் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் காற்றில் நின்றன. பெண்கள் ஓடி வந்தார்கள். இருவரும் நிற்பதைப் பார்த்ததும் அவர்களுடைய பயம் கோபமாக மாறி, பிறகு அதுவும் தணிந்து வேலையாக மாறியது. குனிந்து கேரட் பொறுக்கத் தொடங்கினார்கள்.

“இப்ப ஏறுறதுக்கு நல்லா இருக்குப்பா, மட்டமா கெடக்கு” என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

டிஜோவைக் கூப்பிட்டார்கள். அவன் தன் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினான். நிமிர்ந்ததும் மாரீஸ்வரனிடம் வந்து, “சேட்டா, மூட்டை நான் எடுத்தோட்டே?” என்று, தன் ஜீப்பில் ஏற்றிக்கொள்ளத் தாழ்ந்த குரலில் அனுமதி கேட்டான். எடுத்துக்கொள்ளச் சொன்னான். பெண்கள் டிஜோவின் ஜீப்பில் லோடு ஏற்றினார்கள்.

வீட்டில் அன்று சாயங்காலம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கௌசிகா அண்ணனின் கைக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றினாள். பூபதிராஜா சன்னல் வழியாக ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் ஒரு பக்கம் முழுக்கக் கோசு இலை ஒட்டியிருந்தது. மாரீஸ்வரன் எதிரில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் அவனுக்கு மௌனம் பிடிக்கும். பேசுகிறவர்களுக்கு நடுவில் பேசாமல் இருப்பது தன் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டிருந்தான். இப்போது அந்த அறையில் இருந்த மௌனத்தின் பெரும்பகுதி தன்னிடமிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. அது பெருந்தன்மையாக இருக்கவில்லை.

காலையில் எழுந்தபோது பூபதிராஜாவைக் காணவில்லை. மாரீஸ்வரன் தேடிக்கொண்டு மேட்டுக்காட்டுக்கு நடந்தான். முதல் நிலத்தின் திட்டில் பூபதிராஜா நின்றிருந்தான். துணி சுற்றிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மறு கையால் கல்லைப் புரட்டிப் புரட்டித் திட்டின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு வரிசை முடிந்திருந்தது. சட்டை நனைந்திருந்தது.

“என்ன மச்சான் இது?”

“திட்டு தாங்க மாப்ள கொறச்சலு. வண்டில ஒண்ணும் கொறச்சலில்லீங்க. திட்ட ஒசத்திப்போட்டா பொம்பளைங்க தள்ளிக்கலாம். மேல ஏத்தவே தேவையில்ல.” மூச்சு வாங்கியது. மாரீஸ்வரன் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு கல்லுக்குக் குனிந்தான்.

“எத்தன திட்டு மச்சான் ஒசத்துவீங்க?”

“எத்தன இருக்குதுங்க?”

மாரீஸ்வரன் தடத்தைப் பார்த்தான். அது மலையைச் சுற்றி மேலே போய்க்கொண்டே இருந்தது. அவன் பதில் சொல்வதற்குள் கீழிருந்து குருவம்மாள் செட்டு நடந்து வந்தது. டிஜோ வர நேரமாகும் என்பதால் முன்னாலேயே கிளம்பிவிட்டிருந்தார்கள். குருவம்மாள் திட்டையும் கல் வரிசையையும் துணி சுற்றிய கையையும் பார்த்தாள். தூக்கைக் கீழே வைத்தாள்.

“ஏன் சாமி, இதப் பூராம் ஒசத்திட்டா மத்த ஜீப்பெல்லாம் என்ன செய்யும்? மூட்டைய நாங்க மேல இருந்து எறியவா?”

பூபதிராஜா கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“கோவிச்சுக்காதீங்க. வண்டி நல்ல வண்டிதான். எங்க ஒடம்புதான் அதுக்குச் சேரல.” பிறகு மாரீஸ்வரன் பக்கம் திரும்பினாள். குரல் இன்னும் தணிந்தது. “மாரீசு, இந்த எடுப்புக்கு டிஜோகிட்டச் சொல்லிட்டோம்ப்பா. நேத்தே சொல்லிட்டோம். ஒன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்.”

“சரிக்கா” என்றான் அவன். அவள் தூக்கை எடுத்துக்கொண்டாள். பிறகு பெண்கள் நிலத்துக்குள் போனார்கள். போகும்போது ஒருத்தி, புது வரிசைக் கல்லிலிருந்து ஒன்றை எடுத்துத் தடத்தோரம் வைத்துவிட்டுப் போனாள். மூட்டை தள்ள இடைஞ்சலாக இருக்கும் என்றுதான். வேறு நினைப்பில் அல்ல.

மாரீஸ்வரன் திட்டின் மேல் உட்கார்ந்தான். பூபதிராஜாவும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எறக்கிரலாம் மச்சான்.”

சொல்லி முடித்ததும் அவனுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. பூபதிராஜா கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான். கீழே காற்றில் கோசு வாசம் வந்தது.

“பழைய தாங்கிய வெட்டிப்போட்டேனுங்களே” என்றான். “இங்க வெச்சு ஒண்ணும் ஆகாதுங்க. சட்டத்தக் கழட்டிப் பட்டறையில மறுக்காப் பத்தவெக்கோணும். நாளாகும். எடுப்பு முடிஞ்சிரும்.”

“முடிஞ்சாலும் பரவால்ல.”

“நீங்க அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க மாப்ள.”

“நீங்க கேட்டிருக்கலாம்.”

பூபதிராஜா தலையசைத்தான். அதை ஒத்துக்கொண்டானா, கேட்டுக்கொண்டது மட்டும்தானா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் அடுத்த சிக்கல் வந்தது. பூபதிராஜா சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“ஊரறியக் குடுத்த சீரு. அத மறுபடியும் நான் ஓட்டிட்டுப் போனா என்னம்மணி பேசுவாங்க? தங்கச்சி ஊட்டுல சண்டைன்னு சொல்லுவாங்க. தாய்மாமன் குடுத்தத வாங்கிட்டுப் போயிட்டான்னு சொல்லுவாங்க.”

கௌசிகா குழம்புக் கரண்டியோடு நின்றாள்.

“சீரு ஆருக்குண்ணா? உன்ற மருமகளுக்குத் தான? அவ அதுல ஏறி எத்தன மாசமாச்சுன்னு கேட்டியா?”

பூபதிராஜா நிமிர்ந்து பார்த்தான்.

“பாவாட கட்டிட்டு ஸ்டாண்டுல அத்தன பேரு முன்னால எப்படி ஏறுவா? பஸ்ஸுலதான் பள்ளிக்கூடம் போறா. அப்பாவோட ஜீப்பு முன்னால போகும், இவ பின்னால பஸ்ஸுல. நானும் சொல்லுல. இவரும் சொல்லுல. எல்லாரும் மருவாதி பாத்துட்டே இருந்துட்டோம்.” கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். “எடுத்துட்டுப் போண்ணா. ஊருக்காரங்க கேட்டா சர்வீஸுக்கு வந்துச்சுன்னு சொல்லு. சோத்தத் தின்னு.”

அவன் சாப்பிட்டான்.

மறுநாள் விடிந்ததும் பூபதிராஜா கிளம்பினான். கை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. மாரீஸ்வரன் கூட வருகிறேன் என்றான். மூணாறு தாண்டி, மறையூர் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக மெதுவாகப் போய்க்கொள்வேன், நீங்கள் இருந்து வேலையைப் பாருங்கள் என்று பூபதிராஜா சொன்னான். என்ன வேலை என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மகள் வாசலில் நின்று மாமனுக்குக் கை காட்டினாள். ஜீப்பு திரும்பும்போது பக்கத்து வீட்டுக் கூரைத் தகரத்தில் அதன் விளக்கு வரிசை உரசியது. பூபதிராஜா தலையை வெளியே நீட்டி, “மன்னிச்சுக்குங்க” என்றான். யாரிடம் என்று தெரியவில்லை. அந்த வீட்டு வாசலில் அப்போது யாரும் இல்லை.

மாரீஸ்வரன் வாசலில் நின்றான். வழக்கமாக இந்நேரத்துக்கு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான். இன்று கைகளுக்கு வேலை எதுவும் இல்லை. வீட்டுக்குள் போய் உட்கார மனம் வரவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுப் பக்கம் நடந்தான். மூட்டை தூக்க ஆள் தேவைப்படலாம்.

பாதி வழியில் டிஜோவின் ஜீப்பு பின்னால் வந்து நின்றது. உள்ளே குருவம்மாள் செட்டு நெருக்கி உட்கார்ந்திருந்தது. டிஜோ முன்னால் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

“காட்டுக்கா?” என்றாள் குருவம்மாள்.

“ஆமாக்கா. ஆள் வேணுமா?”

“ஆம்பள ஆளுக்கு வெயிட்டு மூட்டதான் குடுப்போம்.”

“குடுங்க.”

“உள்ள எடமில்ல. பின்னால நில்லு.”

“ஓட்டுறவன நிக்க வச்சிட்டீங்களே” என்று யாரோ சொன்னார்கள். “கால் நீளந்தான, நிக்கட்டும்” என்றாள் இன்னொருத்தி. அவன் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். எந்தச் சிரமமும் இல்லாமல் ஏற முடிந்தது அவனைச் சற்று வெட்கப்படுத்தியது. ஜீப்பு நகர்ந்தது. பின்னால் நிற்கும்போது புகையும் தூசியும் முகத்துக்கு வரும் என்பது இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தெரியாது. உள்ளே ஒருத்தி தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். மற்றவர்கள் பூண்டு விதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேட்டுக்காட்டு ஏற்றத்தின் முதல் வளைவில் டிஜோ கியர் மாற்ற ஒரு கணம் தாமதித்தான். எஞ்சின் திணறியது. படியில் நின்றிருந்த மாரீஸ்வரனின் இடது கால் தானாக அழுந்தியது. அங்கே கிளட்ச் இல்லை. தகரம்தான் இருந்தது.